தொலைபேசி எண் பத்தொன்பது, நெடுங்கரை ஏரி

அனுப்புநர்:
தா. தேவநாதன், வயது 47,
பித்தளை, வெண்கலப் பாத்திர வியாபாரம்,
கடைத்தெரு, செஞ்சி,
தென்னாற்காடு மாவட்டம்.
தொலைபேசி எண்: 11

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் கலெக்டர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: நெடுங்கரை ஏரியின் நீர்மட்டத்தைப் பொதுமக்கள் பேசும் தொலைபேசிக் கம்பி வழியாகவே அனுப்பும் ஏற்பாடு – அதனால் 17-11-1967 அன்று நடந்த அடிதடி – மதகு பார்க்கும் நீர்க்கட்டி கலியபெருமாளுக்கு எதிராக நான் கொடுத்த சாட்சியம் பொய்யானது – அவரை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 18-11-1967 தேதியிட்டு, காவல் துறையினர் முன்பு நான் கையெழுத்திட்ட வாக்குமூலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கத்தை விட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்வையில் கண்ட வாக்குமூலத்தில் "நடந்தது அனைத்தையும் என் இரு கண்களாலும் பார்த்தேன்" என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. உண்மை என்னவென்றால், அந்த முக்கால் மணி நேரமும் நான் என் கடையில் கவிழ்ந்து கிடந்த கல்யாண அண்டாவுக்கு அடியில், இடுப்பில் வேட்டி இல்லாமல், குந்தியிருந்தேன். என் இரு கண்களாலும் பார்த்தது என் இரு முழங்கால்களை மட்டுமே. அதுவும் இருட்டில் சரியாகத் தெரியவில்லை. முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கும் அண்டா அது. விற்காமல் ஆறு வருடமாகக் கிடந்ததற்காக என் மனைவி ஞானம்பாள் அதைத் திட்டாத நாள் இல்லை. இப்போது திட்டுவதில்லை.

2. அந்த வாக்குமூலத்தின் பேரில் கலியபெருமாள் என்ற நிரபராதி பதினாறு நாட்களாகக் கிளைச் சிறையில் இருக்கிறார். சர்க்கார் யந்திரத்தைக் கடப்பாரையால் உடைத்ததாக அவர் மீது வழக்கு. வருகிற 11-ஆம் தேதி விசாரணை. அதற்கு முன் இந்த மனு தங்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும் என்பதே என் கவலை. நான் எழுதுவதில் இடையிடையே சிரிப்பு வந்தால் தாங்கள் மன்னிக்க வேண்டும். எனக்குப் பயம் வந்தால் வாய் அப்படித்தான் போகும். ஊரில் என்னைக் "கடைத்தெரு ரேடியோ" என்பார்கள். பாட்டரி தீராத ரேடியோ என்று ஞானம்பாள் சேர்த்துக்கொள்வாள்.

3. யந்திரத்தின் வரலாறு: வல்லம் போகும் வழியில் இருக்கும் நெடுங்கரை ஏரியின் மதகுத் தூணில் இந்த ஜூன் மாதம் ஓர் இரும்புப் பெட்டியைப் பொருத்தினார்கள். தண்ணீரில் ஒரு செம்புக் குண்டு மிதக்கும். தண்ணீர் ஏறினால் குண்டு ஏறும். குண்டோடு கட்டிய சங்கிலி பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்களைத் திருப்பும். திண்டிவனத்திலிருந்து பொறியாளர் தொலைபேசியில் கேட்டால், பெட்டி தானாகவே எடுத்து, "கூ, கூ" என்று கூவும். முதலில் எத்தனை கூவல் வருகிறதோ அத்தனை அடி. சற்று நிறுத்தி மறுபடி கூவினால் அது அடிக்கு மேலுள்ள மிச்சம். மழைக் காலத்தில் ஒரு மனிதன் சைக்கிளில் போய் அளந்து, தபாலில் எழுதி, அது போய்ச் சேருவதற்குள் கரை உடைந்துவிடுகிறது என்பதால் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். நான் யந்திரத்தைக் குறை சொல்லவில்லை.

4. குறை எங்கே என்றால், அதற்கென்று தனிக் கம்பி போடாமல், நாங்கள் மல்லாட்டைக் கடலை விலையும் பெண் பார்த்த சங்கதியும் பேசுகிற அதே கம்பியில், எங்களைப் போல ஒரு சந்தாதாரராகவே ஏரியையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு எண் 11. ஏரிக்கு எண் 19. செஞ்சியில் யார் வேண்டுமானாலும் கைப்பிடியைச் சுற்றி, "பத்தொன்பது கொடுங்கள்" என்று கேட்டால் ஏரி பேசும். எதிர்த்துப் பேசாது, கடன் கேட்காது, "அப்புறம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா" என்று இழுக்காது. எங்கள் ஊரில் அப்படிப்பட்ட சந்தாதாரர் அது ஒன்றுதான்.

5. பெட்டியைப் பொருத்திய மறுநாள் ஓவர்சீயர் ஒருவர் என் கடைக்கு வந்து, என் தொலைபேசியிலிருந்து பத்தொன்பதைக் கேட்டுப் பரிசோதித்தார். அப்போது எனக்கு ஒரு சீர்வரிசை வியாபாரம். பெண் வீட்டாரோடு குத்துவிளக்கின் உயரம் பற்றித் தகராறு. அவரை நான் கவனிக்கவில்லை. ஞானம்பாள் காபி கொடுத்தாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, கொஞ்சம் சோறு இருந்தால் கொடுங்கள் என்று ஒரு பிடி வாங்கினாராம். இலை போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாராம். ஒரு பிடி சோற்றை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு போகிற அளவுக்கு அரசாங்க ஊழியருக்கு என்ன பசியோ என்று இதை நான் ஒரு வாரம் கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

6. அதற்குப் பிறகு எனக்கு வேலை முளைத்தது. தினம் காலையில் கடை திறந்ததும் ஏரியைக் கூப்பிடுவேன். கூவலை எண்ணுவேன். வியாபாரிகள் வழக்கப்படி ஒன்று என்று சொல்லாமல் "லாபம், இரண்டு, மூன்று" என்றே எண்ணுவேன். தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கடையின் முகப்புச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, சுண்ணக்கட்டியால் எழுதுவேன். "இன்று ஏரி: 4 அடி 3 அங்குலம். ஏரி நலம். தங்கள் நலமறிய ஆவல்." ஜனங்கள் நின்று படித்தார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் 5 அடி 9 அங்குலத்திலிருந்து ஒரேயடியாக 6 அடி 10-க்குப் போய், மறுநாள் 6 அடி 1-க்கு இறங்கியது. நான் பலகையில் "நேற்று ஏரிக்கு விக்கல்" என்று எழுதினேன். கடைத்தெருவே சிரித்தது. அன்றே நான் யோசித்திருக்க வேண்டும். கூட்டம் சிரிக்கும்போது நான் யோசிப்பதில்லை.

7. கலியபெருமாள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் நெடுங்கரை ஏரியின் நீர்க்கட்டி. மதகு திறப்பது, அடைப்பது, வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது, கரையில் நண்டு வளை பார்ப்பது எல்லாம் அவர் வேலை. இரண்டு ஊருக்கும் பொதுவான ஆள். இரண்டு ஊரிலும் அவருக்குச் சொந்த நிலம் கிடையாது, சொந்தக்காரர்களும் கிடையாது. அப்படிப்பட்டவரைத்தான் நீர்க்கட்டியாக வைப்பது வழக்கம். மேல்நெடுங்கரைக்காரர்களின் வயல் ஏரியின் உள்வாயில் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் அவர்கள் பயிர் மூழ்கும். கீழ்நெடுங்கரைக்காரர்களின் வயல் மதகுக்குக் கீழே. தண்ணீர் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு நாள் அவர்களுக்குச் சோறு. அதனால் கீழூரார் உபரி நீர் வழியும் கலங்கலின் மேல் மண் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேக்குவார்கள். மேலூரார் அதைப் பிடுங்கப் பார்ப்பார்கள். இதற்காகப் பல தலைமுறைக்கு முன்பு தலைகள் உருண்டு, பிறகு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒன்பதரை அடி வரை மூட்டை இருக்கலாம். ஒன்பதரை ஆனதும் எடுத்துவிட வேண்டும். முதல் மூட்டையை நீர்க்கட்டியின் கைதான் எடுக்க வேண்டும். அவர் கை படாமல் யாரும் தொடக் கூடாது. நீர்க்கட்டி தன் கோலை மதகுப் படியில் ஊன்றிச் சொல்வதே அளவு.

8. நவம்பர் மழையில் ஏரி ஏறியது. என் பலகையின் முன் கூட்டமும் ஏறியது. 17-ஆம் தேதி சந்தை நாள். காலை பத்து மணிக்கு மேலூர் நாட்டாண்மை தாண்டவராயன் இருபது ஆட்களோடும், கீழூர் நாட்டாண்மை வீராசாமி அதே அளவு ஆட்களோடும் என் கடைக்கு வந்தார்கள். இவர்கள் இருவரும் சம்பந்திகள். தாண்டவராயன் மகளைத்தான் வீராசாமி மகனுக்குக் கட்டியிருக்கிறது. சீர்ப் பாத்திரம் என் கடையில்தான் வாங்கினார்கள். கலியபெருமாளையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் அப்போதுதான் ஏரியிலிருந்து வந்தவர். இடுப்பு வரை ஈரம், கையில் கோல். "ஒம்போதுதான்யா. இன்னும் அரை அடி இருக்குது" என்றார். மேலூரார் நம்பவில்லை. பெட்டியைக் கேட்போம் என்றார்கள். கீழூராரும் சரி என்றார்கள்.

9. ஐயா, இந்த இடத்தில் என் மனநிலையை மறைக்காமல் சொல்கிறேன். நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் நான் சொல்லப்போவதற்குக் காத்திருந்தது கிடையாது. கைப்பிடியைச் சுற்றினேன். பத்தொன்பது கேட்டேன். ஒன்பது கூவல். நிறுத்தம். பிறகு பத்துக் கூவல். தப்பாக எண்ணவில்லை, இன்றும் சத்தியம் செய்வேன். தொலைபேசியை வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒன்பது அடி பத்து அங்குலம்" என்று அறிவித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். "பத்து அங்குலத்தைக் கலியபெருமாள் கோல் எங்கே ஒளித்துவைத்ததோ, கேட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு வேடிக்கையும் சேர்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

10. தாண்டவராயன் கலியபெருமாளிடம், "எத்தினி மரக்கா நெல்லு வாங்கின நீ, கீழூராங்கிட்ட?" என்றார். வீராசாமி குறுக்கே வந்து, "இன்னா சம்பந்தி, சர்க்கார் கம்பிய மொத்தமா வெலைக்கி வாங்கிட்டீங்களா?" என்றார். தாண்டவராயன், "என் நெல்லு கழுத்து வரைக்கும் தண்ணில நிக்குது. உனுக்குச் சம்பந்தின்னு ஒரு வார்த்தை வேற வாயில வருதா?" என்றார். அடுத்து வந்தது வார்த்தை அல்ல. வீராசாமியின் ஆள் ஒருவன் என் கடையின் முதல் தட்டிலிருந்த செம்பை எடுத்து எறிந்தான். அது தாண்டவராயனின் தம்பி நெற்றியில் பட்டு, புருவம் பிளந்து, கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. இதுவரை நான் பார்த்தது. என் கண் சாட்சியம் இத்துடன் முடிகிறது.

11. பாத்திரக் கடையில் சண்டை போடுவது போல ஒரு வசதி ஆயுதக் கிடங்கில்கூடக் கிடையாது. பிடிக்கு ஏற்ற கரண்டி, தலைக்கு ஏற்ற தவலை, கேடயத்துக்குத் தாம்பாளம். எல்லாம் அளவு வாரியாக, எடுக்க வசதியாக, நானே அடுக்கி வைத்திருந்தேன். என் வேட்டியை யாரோ மிதித்தார்கள். நான் ஓடினேன், வேட்டி நின்றது. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அண்டாவை என் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இனி எழுதுவது காதால் கேட்டது. நடந்த பிறகு கடையில் கிடந்ததைக் கண்டு ஒத்துப் பார்த்துக்கொண்டது.

12. வெண்கல உருளி மனிதத் தலையில் விழுந்தால் கோயில் மணிபோல் ஒலிக்கும் என்பது எனக்குத் தெரியாது. அது ஒலித்து அடங்கியதும் ஒருவன் சேவல்போல் கத்தினான். பிறகு தெரிந்தது, இரும்புத் தோசைக்கல்லால் அவன் மூன்று விரல்களைத் தரையோடு வைத்து நசுக்கியிருக்கிறார்கள். ஒரு காது, பாதி, தட்டுக்கு அடியில் கிடந்ததை மாலையில் ஞானம்பாள் கண்டெடுத்தாள். இட்லிப் பானைக்குள் இரண்டு பற்கள் இருந்தன. எந்த ஊர்ப் பல் என்று தெரியவில்லை. ஒருவன் தன் தாயைக் கூப்பிட்டுக்கொண்டே இன்னொருவனை அடித்தான். "அம்மா" என்று ஒரு சத்தம், உடனே ஓர் அடி, மறுபடி "அம்மா". அண்டாவின் விளிம்புக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி. அதன் வழியாக ரத்தம் மெல்ல உள்ளே வந்து என் கால் விரல்களைத் தொட்டது. சூடாக இருந்தது. அது என்னுடையதோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

13. பிறகு அண்டாவின் மேல் ஒருவர் உட்கார்ந்தார். நல்ல கனம். வெளியே கீழூர்க் குரல்கள், "எங்கடா அந்தச் செட்டி? அந்த வாய ரெண்டா கிழிக்கணும்" என்றன. என் தலைக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து பதில் வந்தது: "ஓடிட்டாருப்பா. ராஜகிரிப் பக்கமா ஓடிட்டாரு." அது கலியபெருமாளின் குரல். நான் அண்டாவுக்குள் நுழைந்ததை அவர் பார்த்திருக்கிறார். கீழூரார் ராஜகிரிக் கோட்டைப் பக்கம் என்னைத் தேடி ஓடினார்கள். மிச்சமிருந்த மேலூரார் அவரைச் சூழ்ந்துகொண்டு, "எழுந்து வா. வந்து மொத மூட்டைய எடு" என்றார்கள். அவர், "ஒம்போதுக்கு எடுக்க மாட்டேன். ஒம்போதரை ஆவட்டும், கூப்புடாமலே வர்றேன்" என்றார். எழுந்திருக்கவும் இல்லை. எழுந்தால் அண்டா நகரும், நகர்ந்தால் நான் தெரிவேன். "எடுக்காத கை உனுக்கு எதுக்கு?" என்று ஒருவன் கேட்டான். அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து, அண்டாவின் மேலேயே வைத்து, இரும்பு உலக்கையால் அடித்தார்கள். முதல் அடி அண்டாவில் விழுந்தது. எனக்குக் காது அடைத்துப்போனது. இரண்டாவது அடியில் அந்தச் சத்தம் வரவில்லை. காய்ந்த மல்லாட்டையை விரலால் உடைப்பது போன்ற ஒரு சின்னச் சத்தம் பித்தளை வழியாக என் பல்லில் வந்து சேர்ந்தது. அவர் கத்தவில்லை. அவர் உடம்பு நடுங்கியதில் அண்டா மொத்தமும் மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் உள்ளே இருந்தேன். வெளியே வரவில்லை. இதற்கு என்னிடம் வேடிக்கை எதுவும் இல்லை.

14. முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் என் கடைப் படியிலேயே கிடந்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு ஞானம்பாள் மாட்டு வண்டி பிடித்து அனந்தபுரத்தில் எலும்பு கட்டுபவரிடம் அனுப்பிவைத்தாள். அதற்கு முன்பே மேலூரார் ஏரிக்குப் போய், நீர்க்கட்டியின் கை படாமலே மூட்டைகளை வெட்டித் தள்ளினார்கள். விஷயம் கேட்டுக் கீழூரார் மண்வெட்டியோடு ஓடினார்கள். கரைமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஒருவனுக்குத் தொடையில் மண்வெட்டி எலும்பு வரை இறங்கியது என்றும், ஒரு ஜோடி உழவு மாட்டின் பின்னங்கால் நரம்புகளை அறுத்துவிட்டார்கள் என்றும், அவை எழ முடியாமல் கரையிலேயே மாலை வரை கதறின என்றும் கேள்வி. "பொய் சொல்ற பொட்டி எதுக்குடா?" என்று கீழூரார் கடப்பாரை கொண்டு அந்த யந்திரத்தை இடித்தார்கள். அப்போது மணி பன்னிரண்டு. கலியபெருமாள் என் கடைப் படியில் ஞானம்பாள் மடித்துக் கொடுத்த பழைய புடவையைப் பல்லால் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். ஏரி அங்கிருந்து மூன்று மைல்.

15. இனி என் பாவத்தைச் சொல்கிறேன். மறுநாள் காலையில் தாண்டவராயனும் வீராசாமியும் சேர்ந்தே வந்தார்கள். ஒருவர் தலையில் கட்டு, ஒருவர் தாடையில் கட்டு. இருவரும் மறுபடி சம்பந்திகளாகிவிட்டார்கள். சர்க்கார் பெட்டி உடைந்ததற்கு ஒரு பெயர் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஊரிலும் முப்பத்தொரு பேர் உள்ளே போக வேண்டும் என்றார்கள். மேலூரான் பெயரைச் சொன்னால் மேலூர் பகை, கீழூரான் பெயரைச் சொன்னால் கீழூர் பகை. இரண்டு ஊரிலும் சொந்தபந்தம் இல்லாத ஒரே ஆள் யார்? இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான் அவரை வைத்தார்கள். பொதுவாகவே அவரைக் கொடுக்கவும் முடிவு செய்தார்கள். நான் தயங்கினேன். வீராசாமி என் பலகையைக் கண்ணால் காட்டி, "இதை எழுதினது ஆருன்னு ஐயாமாருங்க கேட்டா நாங்க இன்னா சொல்லட்டும், செட்டியாரே?" என்றார். நான் பலகையை அழித்தேன். பிறகு போய்க் கையெழுத்திட்டேன். கலியபெருமாள் என் கடையிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடியதைப் பார்த்ததாக அதில் இருக்கிறது. ஐயா, என் கடையில் கடப்பாரை விற்பதில்லை. அவர் எனக்காக ஒரு பொய் சொன்னார், கை போயிற்று. நான் அவருக்கு எதிராக ஒரு பொய் சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

16. போன 29-ஆம் தேதி அந்த ஓவர்சீயர் உடைந்த பெட்டியைப் பார்வையிட்டுவிட்டு, என் கடை வாசலில் பேருந்துக்கு நின்றார். மழை தூறியதால் உள்ளே கூப்பிட்டேன். பெட்டி நசுங்கிவிட்டாலும் உள்ளே சக்கரங்கள் அடிபட்ட நேரத்து அளவிலேயே இறுகி நிற்கின்றன என்றார். எவ்வளவில் என்று கேட்டேன். "சரியாக ஒன்பது அடி. துளி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை" என்றார். அப்படியானால் பத்துக் கூவல் ஏது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பூஜ்யத்தை எப்படிக் கூவுவது? கூவாமல் விட்டால் கம்பி அறுந்ததென்று நினைப்பார்கள். அதனால் பூஜ்யத்துக்குப் பத்துக் கூவல் என்று வைத்திருக்கிறதாம். இரண்டாவது கூவல் அங்குலமே அல்லவாம், அடியைப் பத்தாகப் பங்கு போட்ட கணக்காம். அதில் ஒன்பதுக்கு மேல் வரவே வராதாம். ஆகஸ்டில் ஏரிக்கு வந்ததும் விக்கல் அல்ல, முழு ஆறடி. பேருந்து வந்ததும் அவர் ஏறிப் போய்விட்டார்.

17. ஆகவே, ஐயா, கலியபெருமாளின் கோல் சொன்னதும் ஒன்பது, சர்க்கார் பெட்டி சொன்னதும் ஒன்பது. அவரை அடித்து நொறுக்கிய பிறகும் அவர் ஒன்பது என்றே சொன்னார். அதை அடித்து நொறுக்கிய பிறகும் அது ஒன்பது என்றே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்பதே முக்கால் சொச்சம் என்று சொன்ன ஒரே யந்திரம் நான். அவருக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியைத்தான் அவர் உடைத்தார் என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

18. என் பிழையை மறைக்கவில்லை. ஆயினும் பிழை முழுவதும் என்னுடையது மட்டுமல்ல என்பதைத் தாழ்மையுடன் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பொதுமக்கள் பேசும் கம்பியில் ஒரு யந்திரத்தைப் பேச விடுபவர்கள், அதன் பாஷையைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டாமா? பத்துக் கூவினால் பூஜ்யம் என்பதை ஒரு சாண் காகிதத்தில் எழுதி, நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருந்தால், ஒரு கை முறிந்திருக்காது, மூன்று விரல்கள் நசுங்கியிருக்காது, இரண்டு வாயில்லாத ஜீவன்கள் கரையில் கிடந்து கதறியிருக்காது. ஒரு சாண் காகிதம், ஐயா! அதை ஒட்ட யாருக்கும் மனமில்லாமல் போயிற்றே என்று நினைக்கும்போதுதான் என் நெஞ்சு கொதிக்கிறது. இந்த மனு முழுவதுக்கும் ஆதாரம் இந்த ஒரு பத்திதான்.

19. எனவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) 18-ஆம் தேதி நான் கொடுத்த வாக்குமூலத்தை நீக்கச் செய்து, கலியபெருமாளை 11-ஆம் தேதிக்கு முன்பே விடுவிக்கவும். பொய்ச் சாட்சிக்கான தண்டனையை நான் ஏற்கிறேன். கிளைச் சிறையில் அவர் இருக்கும் இடத்திலேயே என்னை வைத்தாலும் சரி. என் வாயை அங்கே கேட்க வேண்டியவர்களுக்காகத்தான் வருத்தப்படுகிறேன்;

(ஆ) யந்திரம் வந்துவிட்டதால் நீர்க்கட்டி தேவையில்லை என்று பேச்சு அடிபடுகிறது. அதை நிறுத்தவும். புதுப் பெட்டி வரும்போது, அது கூவுகிற நேரத்தில் அவரும் கோலை ஊன்றட்டும். இரண்டும் ஒத்தால் ஊர் கேட்கும். அவருடைய வலது கை இனி மூட்டை தூக்காது என்று எலும்பு கட்டியவர் சொல்லிவிட்டார். இடது கையால் எடுத்தாலும் செல்லும் என்று இரண்டு ஊருக்கும் தங்கள் உத்தரவாகவே வர வேண்டும்;

(இ) எண் பத்தொன்பதைப் பொறியாளர் தவிர வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று தொலைபேசி நிலையத்துக்குச் சொல்லவும். முக்கியமாக எண் பதினொன்று கேட்டால்

என்று கைகூப்பி வேண்டுகிறேன். நேற்று சிறைக்குப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏரி இப்ப எவ்ளோ இருக்குது, செட்டியாரே?" எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று நான் சொன்னது என் நினைவில் இதுவே முதல் தடவை.

இடம்: செஞ்சி
நாள்: 4-12-1967

தங்கள் உண்மையுள்ள,
(இந்த முறை நிஜமாகவே)
தா. தேவநாதன்

இணைப்பு:
1. எலும்பு கட்டியவர் எழுதிக் கொடுத்த சீட்டு.
2. சம்பவம் நடந்தபோது கலியபெருமாள் எங்கே இருந்தார் என்பது பற்றி என் மனைவி ஞானம்பாள் எழுதிய கடிதம். அவள் எதற்குள்ளும் ஒளிந்திருக்கவில்லை.
3. மேற்படி கரும்பலகை ஒன்று. சாட்சிப் பொருளாக, சாக்கில் தைத்து அனுப்பியிருக்கிறேன்.

பின்குறிப்பு: மனுவைச் சுத்தமாக எழுதி முடித்துவிட்டுப் பலகையைச் சாக்கில் தைப்பதற்காக இன்று காலை ஆணியிலிருந்து கழற்றினேன். திருத்தி எழுதினால் தபால் தப்பிவிடும். ஆகையால் 18-ஆம் பத்தியை அப்படியே விட்டிருக்கிறேன், தாங்கள் அதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளலாம். பலகைக்குப் பின்னால் சுவரில் ஒரு சாண் காகிதம் ஒட்டியிருக்கிறது. தேதி 22-6-1967. "அடிக்கு மேலுள்ளது பத்தில் பங்கு. பத்து ஒலி கேட்டால் பூஜ்யம் என்று கொள்ளவும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான்கு மூலையிலும் சோற்றுப் பருக்கை.